செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பூட்டு

ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களிலெல்லாம் பூட்டும் திறப்பும் வேண்டப்படுகின்றன. பூட்டு இல்லாவிடின் பொருள் கெடும். ஆயினும், பூட்டு ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் செம்மையாக நடைபெறும் என்று கொள்வதற்கும் இல்லை. திறப்பை வைத்திருப்பவர் யார், அதற்காகக் காத்திருப்பவர் யார், இவ்விருவருக்கும் இடையே புகுந்து காலத்தைக் கவர்ந்துகொள்பவர் யார் என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. வீட்டிலும் கந்தோரிலும் எழுகின்ற இவ்வினாக்கள் கணினியின் உள்ளேயும் எழுகின்றன. 1997ஆம் ஆண்டில் அவை செவ்வாய்க் கிரகத்தின் செந்நிலத்திலே எழுந்து, அங்கு இறங்கியிருந்த விண்கலம் ஒன்றின் வேலையைத் திரும்பத் திரும்பக் குலைத்தன. கணினியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும் ஒழுங்கு எத்தகையது என்பதை அறிந்துகொள்ள அவ்வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அவ்விண்கலத்தின் பெயர் மார்ஸ் பாத்பைண்டர். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், பசடீனா நகரிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வுகூடம் நாசா நிறுவனத்துக்காக அதனை அமைத்தது. 1996ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி புளோரிடாவிலிருந்து ஏவப்பட்ட அது, 1997ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி செவ்வாயில், ஏரிஸ் வலிஸ் எனப்படும் பண்டைய வெள்ளப் பள்ளத்தாக்கில் இறங்கியது. காற்றுப் பைகள் சூழ்ந்த பெரும் பந்து போல விழுந்து, பன்முறை துள்ளி ஓய்ந்து, பின்னர் மலர் விரிவது போல விரிந்தது. அதனுள்ளிருந்து, 10½ கிலோகிராம் நிறையுடைய சோஜேர்னர் என்னும் சிறு ஊர்தி தரையில் இறங்கி நகர்ந்தது. பூமியைத் தவிர்ந்த வேறொரு கிரகத்தின் மீது சக்கரங்களால் ஓடிய முதல் ஊர்தி அதுவே. இறங்குகலம் 30 நாள்கள் உழைத்தால் நோக்கம் நிறைவேறிவிடும் என்பதே திட்டம். ஆகவே ஒவ்வொரு நாளும் பொன்னுக்கு நிகரானதாய் இருந்தது.

இறங்கிச் சில நாள்களுள் ஒரு விபரீதம் தோன்றியது. இறங்குகலத்தின் கணினி, எவரும் ஆணையிடாமலே, தான் செய்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் கைவிட்டுத் தன்னை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அதன் பின்னரும் அவ்வாறே நிகழ்ந்தது. அதுவரை சேர்த்த தகவல்கள் நினைவகத்தில் அழியாமல் இருந்தன. எனினும், அன்றைய தினத்துக்கெனக் குறிக்கப்பட்டிருந்த எஞ்சிய வேலைகள் யாவும் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. வானொலி அலை அங்கிருந்து பூமியை வந்தடையவே 10 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அருகே சென்று மூடியைத் திறந்து பார்ப்பதற்கோ, கம்பியொன்றை மாற்றுவதற்கோ வழியில்லை. கணினி ஒரே வேளையில் அளவுக்கு மிஞ்சிய வேலைகளைச் செய்ய முயன்றதே காரணம் என்று அக்காலத்திற் செய்திகள் வெளிவந்தன. அவ்விளக்கம் முழு உண்மை அன்று. வேலை மிகுந்தது மெய்யே. ஆயினும் கேடு வேலையின் அளவில் இருக்கவில்லை. அது ஒரு சிறு பூட்டிலே இருந்தது.

அப்பூட்டை விளங்கிக்கொள்வதற்குக் கணினியின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். பாத்பைண்டரின் கணினியில் முறைவழியாக்கி ஒன்றே இருந்தது. ஆணைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும் பகுதியே முறைவழியாக்கி எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்.எஸ். 6000 வகையைத் தழுவி, விண்வெளியின் கதிர்வீச்சைத் தாங்குமாறு ஆக்கப்பட்டிருந்த அது, விநாடிக்கு ஏறத்தாழ 2 கோடித் துடிப்புகள் வீதம் இயங்கியது. இக்காலத்துக் கைத்தொலைபேசிகளில் உள்ளவை 200 கோடித் துடிப்புகளையும் கடப்பன என்பதைக் கருதினால், அதன் ஆற்றல் எவ்வளவு சிறிது என்பது புலனாகும். இந்த ஒரே முறைவழியாக்கியைக் கொண்டே வானொலித் தொடர்பு, படம் பிடித்தல், காற்றின் வெப்பத்தையும் அமுக்கத்தையும் அளத்தல், கருவிகளை மேற்பார்த்தல் முதலிய பல பணிகள் நடைபெற வேண்டியிருந்தன.

பல பணிகளுக்கு முறைவழியாக்கியைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளர் ஒருவர் இன்றியமையாதவர் அல்லரா? அந்த மேலாளரே பணிசெயல் முறைமை. அதன் நடுவிடமாய் அமைந்து, எல்லாப் பணிகளும் நம்பியிருக்கும் அடிப்படைச் சேவைகளைச் செய்யும் பகுதி கரு எனப்படும். பாத்பைண்டரில் இருந்தது, விண்ட் ரிவர் என்னும் நிறுவனம் விற்பனை செய்த வீ-எக்ஸ்-வேர்க்ஸ் என்னும் முறைமை. அது காலந் தவறாமையையே தலையாய நோக்கமாகக் கொண்டது. அதன்கண் ஒவ்வொரு பணிக்கும் ஒரு முதன்மைத் தரம் குறிக்கப்பட்டிருக்கும். உயர்ந்த தரமுடைய பணி எழுந்தவுடன், தாழ்ந்த தரமுடையது எந்த நிலையில் இருப்பினும் நிறுத்தப்பட்டு, முறைவழியாக்கி உயர்ந்ததன் கைக்குச் சென்றுவிடும்.

இனி, கோப்புச் சுட்டெண் என்பது யாதென நோக்கலாம். ஒரு பணி ஒரு கோப்பையோ, ஒரு கருவியையோ, வேறொரு பணிக்குச் செய்தி அனுப்பும் குழாயையோ பயன்படுத்த விரும்பினால், அதனைத் தானே நேரிற் சென்று தொடுவதில்லை. கருவிடம் கேட்கிறது. கரு அதற்குரிய விபரங்களைத் தன் அட்டவணையில் எழுதி, ஓர் இலக்கத்தை மட்டும் பணியிடம் கொடுக்கிறது. கடையிற் பொருளை ஒப்படைத்தவர் கையிற் கொடுக்கப்படும் துண்டு இலக்கம் போன்றது அது. அவ்விலக்கமே கோப்புச் சுட்டெண். பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டில் உருவெடுக்கத் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையிலும், அதன் வழிவந்தவற்றிலும் ஒவ்வொரு செயன்முறைக்கும் தனித்தனிச் சுட்டெண் அட்டவணை உண்டு. தாய்ச் செயன்முறை திறந்து வைத்த கோப்புகளைச் சேய்ச் செயன்முறையும் பகிர்ந்துகொள்ளும். பாத்பைண்டர் காலத்து வீ-எக்ஸ்-வேர்க்ஸிலோ பகிர்வு இன்னும் விரிந்தது. எல்லாப் பணிகளும் ஒரே நினைவகப் பரப்பில் வாழ்ந்தன. திறந்த கோப்புகளின் சுட்டெண்கள் எல்லோருக்கும் பொதுவாயிருந்தன.

பொதுவாயிருப்பதில் வேகமும் சிக்கனமும் உண்டு, ஆபத்தும் உண்டு. கருவின் நினைவகத்தில் உள்ள பட்டியல் ஒன்றிற் புதிய பெயரொன்றைச் சேர்க்கும் செயலை எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் என்பது சங்கிலி போன்றது. ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். புதிய வளையத்தைக் கோப்பதற்குப் பழைய இணைப்பை எடுத்து, புதியதனை இரு பக்கமும் பொருத்த வேண்டும். ஒரு பணி பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதியதனைப் பொருத்துமுன் இடைநிறுத்தப்பட்டு, மற்றொரு பணி அதே சங்கிலியைக் கையாளத் தொடங்கினால், சங்கிலி அறுந்து போகும். அறுந்த சங்கிலியை நம்பிச் செல்லும் கரு, நினைவகத்தின் எப்பகுதியிற் சென்று விழும் என்று எவராலும் கூறவியலாது.

இக்கேட்டைத் தடுப்பதற்கு எழுந்ததே பூட்டு. ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்திரா 1960களில் இதற்கொரு தெளிவான வடிவம் கொடுத்தார். புகையிரதப் பாதையின் கைகாட்டியை நினைந்து அவர் அதற்குப் பெயரிட்டார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி நிற்கும்போது கைகாட்டி மற்ற வண்டிகளை மறித்து வைப்பது போல, ஒரு பணி பட்டியலைத் திருத்தும்போது மற்றவை வெளியே காத்திருக்கும். திருத்தி முடித்தவர் பூட்டை விடுவித்தவுடன், காத்திருந்தவருள் ஒருவர் உட்செல்வார். இதனாற் சங்கிலி அறுவதில்லை. பொருள் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால், காலம் காப்பாற்றப்பட்டதா என்பது வேறு வினா.

ஒரு கந்தோரை எண்ணிப் பார்க்கலாம். அங்கே எழுதுவதற்கு ஒரேயொரு மேசைதான் உண்டு. தரத்தில் உயர்ந்தவர் வந்தால் தாழ்ந்தவர் எழுந்து மேசையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அலுமாரியில் ஒரு பதிவேடு இருக்கிறது; அதற்குத் திறப்பும் ஒன்றே. கடைநிலை எழுதுவினைஞர் ஒருவர் திறப்பை எடுத்துப் பதிவேட்டைத் திறந்து, மேசையில் அமர்ந்து இரண்டு வரி எழுதத் தொடங்குகிறார். அவ்வேளை நடுத்தர அலுவலர் ஒருவர் வருகிறார். எழுதுவினைஞர் எழுந்து ஒதுங்குகிறார். திறப்போ அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சிறிது நேரத்தில் மேலதிகாரி வருகிறார். அவருக்கு மேசையும் வேண்டும், பதிவேடும் வேண்டும். திறப்பு எழுதுவினைஞரிடம் இருப்பதனாலும், அவர் தொடங்கிய பதிவை முடியாமல் அதனைக் கொடுக்கலாகாது என்பதனாலும் மேலதிகாரி காத்திருக்கிறார். இரண்டு வரி எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம் போதும். ஆனால் எழுதுவினைஞருக்கு மேசை கிடைப்பதில்லை. மேலதிகாரி ஒதுங்கி நிற்பதனால் மேசை நடுத்தர அலுவலர் கைக்கே திரும்புகிறது. அவர் போனால் அவரைப் போன்ற இன்னொருவர் வந்து அமர்கிறார். அவர்களுக்குப் பதிவேட்டோடு தொடர்பே இல்லை. எனினும் அவர்களாலேயே மேலதிகாரி காத்துக் கிடக்கிறார். விதியை மீறியவர் எவரும் இலர். ஆயினும் உயர்ந்தவர் தாழ்ந்தவராகவும், நடுத்தரத்தார் உயர்ந்தவராகவும் தலைகீழாக மாறிவிட்டனர். கணினி அறிஞர் இதனை முதன்மைத் தலைகீழாக்கம் என்று அழைப்பர்.

செவ்வாயில் நடந்தது இதுவே. இறங்குகலத்தின் கருவிகள் சில ஒரு பொதுத் தகவற் பாதையில் இணைக்கப்பட்டிருந்தன. விநாடிக்கு 8 முறை, அஃதாவது ஒரு விநாடியின் எட்டிலொரு பங்குக்கு ஒரு தடவை, அப்பாதையின் சுற்று ஒன்று நடைபெறும். அதனை இரண்டு பணிகள் ஆண்டன. ஒன்று, அடுத்த சுற்றில் நிகழ வேண்டிய பரிமாற்றங்களை ஒழுங்கு செய்வது. அது மிக உயர்ந்த முதன்மை உடையது. மற்றொன்று, வந்து சேர்ந்த தகவல்களை உரியவரிடம் பகிர்ந்தளிப்பது; அதுவும் உயர்ந்த முதன்மை உடையதே. ஒழுங்கு செய்யும் பணி ஒவ்வொரு முறை எழும்போதும், பகிர்ந்தளிக்கும் பணி தன் வேலையை முடித்துவிட்டதா என்று பார்க்கும். முடியவில்லை எனின், முறைமை பழுதுற்றது என்று கொண்டு முழுக் கணினியையும் மீளத் தொடக்கிவிடும். இந்தக் கடுமை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. காலந் தவறிய கணினியை நம்பி விண்கலத்தைச் செலுத்துவதிலும், அதனை முதலிலிருந்து தொடக்குவதே பாதுகாப்பானது.

கீழ்நிலையிலே, முதன்மை குறைந்த பணியொன்று இருந்தது. அது செவ்வாயின் வளிமண்டல அளவீடுகளைப் பெற்றுக்கொள்வது. மற்றப் பணிகளுட் பெரும்பாலானவற்றுக்குத் தகவல்கள் பகிர்ந்த நினைவகத்தின் வழியாகவே கொடுக்கப்பட்டன. வளிமண்டலப் பணிக்கு மட்டும் அவை குழாய் ஒன்றின் வழியாக அனுப்பப்பட்டன. குழாயிற் செய்தி வந்தால் தன்னை எழுப்புமாறு அப்பணி கருவைக் கேட்டுக்கொள்ளும். இதற்கெனக் கருவில் செலக்ட் என்னும் சேவை உண்டு. ஒரு பணி பல கோப்புச் சுட்டெண்களைக் கொடுத்து, இவற்றுள் எதிலேனும் செய்தி வரும்வரை உறங்குவேன் என்று சொல்வதற்கு அச்சேவை இடந்தருகிறது. யார் யார் எந்தச் சுட்டெண்ணுக்காகக் காத்திருக்கின்றனர் என்ற பட்டியலைக் கரு வைத்துக்கொள்ளும். அப்பட்டியல் பகிரப்படுவது, ஆகவே அதற்கொரு பூட்டு. பட்டியலிற் பெயர் சேர்ப்பவரும் அப்பூட்டைப் பெற வேண்டும். குழாயிற் செய்தியை இட்டுக் காத்திருப்போரை எழுப்புபவரும் அதே பூட்டைப் பெற வேண்டும்.

ஒரு வேளையில், வளிமண்டலப் பணி அப்பூட்டைப் பெற்றுப் பட்டியலிற் பெயரைச் சேர்த்து, பூட்டை விடுவிக்கும் தறுவாயில் இருந்தது. விடுவிப்பு முற்றுப் பெறுமுன் அது இடைநிறுத்தப்பட்டது. நடுத்தர முதன்மையுடைய பணிகள் சில முறைவழியாக்கியைப் பற்றிக்கொண்டன. அதன் பின் பகிர்ந்தளிக்கும் பணி எழுந்து, புதிய அளவீடுகளைக் குழாயில் இடச் சென்றது. பூட்டு விடுபடாதிருந்தமையால் அங்கேயே நின்றுவிட்டது. மறுபடியும் நடுத்தரப் பணிகள் ஓடின. பூட்டை விடுவிப்பதற்கு ஒரு நொடிப்பொழுதே போதுமாயிருந்தும், வளிமண்டலப் பணிக்கு அந்த நொடிப்பொழுது கிடைக்கவில்லை. அடுத்த சுற்றின் நேரம் வந்தது. ஒழுங்கு செய்யும் பணி விழித்துப் பார்த்தது. பகிர்ந்தளிப்பு முடியவில்லை. உடனே முழுக் கணினியும் மீளத் தொடங்கியது.

அப்பூட்டு விண்கல மென்பொருளை எழுதியோர் தம் கையால் அமைத்தது அன்று என்பது இங்கு கருதத்தக்கது. செலக்ட் சேவையை அழைக்கும்போது முறைமை தானாகவே அதனை உள்ளே உண்டாக்கிக்கொள்ளும். தாம் வைத்த பூட்டுகளை ஒருவர் எண்ணிக் கணக்கிடலாம். பிறர் கட்டிய வீட்டின் சுவருக்குள் இருக்கும் பூட்டை எண்ணுவது எளிதன்று.

பசடீனாவில் இருந்தோர் காரணத்தைக் கண்டுபிடித்த வகையும் பாராட்டுக்குரியது. விண்கல மென்பொருட் குழுவுக்குக் கிளென் ரீவ்ஸ் என்பவர் தலைமை தாங்கினார். பணிகள் எந்த ஒழுங்கில் மாறுகின்றன, எந்தப் பூட்டை எப்போது கேட்கின்றன என்பவற்றைப் பதிந்துகொள்ளும் வசதி ஒன்றை அவர்கள் மென்பொருளினுள்ளேயே வைத்திருந்தனர். சோதனை முடிந்ததும் அதனை அகற்றிவிடவில்லை. சோதித்த அதே மென்பொருளே பறக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ஆய்வுகூடத்தில் இருந்த கணினியில், செவ்வாயிற் செய்யப்பட்ட அதே வேலைகளை மீண்டும் மீண்டும் செய்வித்தனர். 18 மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் அதே பழுது பூமியிலும் தோன்றியது. பதிவுகளை வாசித்தவுடன் தலைகீழாக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது.

இப்பழுது புறப்படுமுன்னரும் தலைகாட்டியதுண்டு. ஆனால் தேட முயன்றபோது மீண்டும் தோன்றாமல் மறைந்துவிட்டது. காலத்தைப் பொறுத்த பழுதுகளின் இயல்பு அத்தகையது. மூன்று நிகழ்ச்சிகள் ஒரு குறித்த ஒழுங்கில், ஒரு குறித்த கணத்திற் சந்தித்தாலன்றி அவை வெளிப்படமாட்டா. அக்கணம் பூமியில் அருமையாக வந்தது. செவ்வாயிலோ அடிக்கடி வந்தது. அதற்குக் காரணம் ஒரு வெற்றியே ஆகும். வானொலி வழியே தகவல் அனுப்பும் வேகம் எதிர்பார்த்ததிலும் மேலாக அமைந்தது. அதற்கேற்ப விஞ்ஞான வேலைகளும் பெருகின. நடுத்தரப் பணிகள் மிகுந்தன. ஆகவே கீழ்நிலைப் பணிக்கு மேசை கிடைப்பது அரிதாயிற்று. மோசமான நிலைமைகளைச் சோதித்துப் பார்த்தவர்கள், இத்துணை நல்ல நிலைமையைச் சோதித்துப் பார்க்கவில்லை.

பரிகாரம் முன்னரே அறியப்பட்டிருந்தது. 1980ஆம் ஆண்டில், செரொக்ஸ் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களான பட்லர் லாம்சனும் டேவிட் ரெடெலும் மேசா என்னும் கணினி மொழி பற்றிய கட்டுரையில் இச்சிக்கலை எடுத்துக் கூறியிருந்தனர். 1990ஆம் ஆண்டில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி ஷா, ராஜ்குமார், ஜோன் லெஹொட்ஸ்கி ஆகிய மூவரும் அதற்குரிய பரிகார முறைகளைக் கணித நெறியில் நிறுவி வெளியிட்டனர். இவர்களுள் இரகுநாதன் ராஜ்குமார் 1984இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர்.

அவர்கள் ஆராய்ந்த முறைகளுள் ஒன்று முதன்மைப் பேறு எனப்படும். அதன் சாரம் மிக எளிது. தாழ்ந்தவர் ஒருவர் வைத்திருக்கும் பூட்டுக்காக உயர்ந்தவர் ஒருவர் காத்திருக்க நேர்ந்தால், பூட்டு விடுபடும்வரை அத்தாழ்ந்தவர் உயர்ந்தவரின் தரத்தைப் பெறுவார். கந்தோர் உவமையில், மேலதிகாரி திறப்புக்காகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் எழுதுவினைஞர் மேலதிகாரியாகவே கருதப்படுவார். நடுத்தர அலுவலர்கள் மேசையை விட்டு எழ வேண்டும். எழுதுவினைஞர் இரண்டு வரியையும் எழுதி, திறப்பைக் கொடுத்துவிட்டுத் தம் பழைய தரத்துக்குத் திரும்புவார். இம்முறை காத்திருப்பை அறவே ஒழிப்பதில்லை. அதற்கொரு எல்லையை வகுக்கிறது. இரண்டு பூட்டுகளை இருவர் மாறி மாறிப் பற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் என்றென்றும் எதிர்பார்த்து நிற்கும் முட்டுநிலையை அது தடுப்பதுமில்லை. அதனையும் தடுப்பதற்கு முதன்மை உச்சவரம்பு என்னும் மற்றொரு முறையை அதே மூவர் எடுத்துரைத்தனர்.

வீ-எக்ஸ்-வேர்க்ஸ் முறைமையில் முதன்மைப் பேறு இல்லாமல் இல்லை. பூட்டை உண்டாக்கும்போது, அது வேண்டும் அல்லது வேண்டாம் என்று குறிக்கலாம். வேண்டும் என்றால், பூட்டைக் கையாளும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் கூடுதலாகச் செலவாகும். செலக்ட் சேவையின் பூட்டில் அது வேண்டாம் என்றே இருந்தது. அதனை மாற்றுவதற்கு நினைவகத்தில் ஓர் அமைப்புப் பெறுமானத்தைத் திருத்தினாற் போதுமாயிருந்தது. எனினும், அத்திருத்தம் வளிமண்டலப் பணியின் பூட்டை மட்டுமன்றி, செலக்ட் சேவை உண்டாக்கும் பூட்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். வேகம் குறையுமா, வேறு பழுது விளையுமா என்று பொறியியலாளர்கள் ஆராய்ந்தனர், விண்ட் ரிவர் நிறுவனத்தாருடன் கலந்தனர், பூமியிற் சோதித்தனர். அதன் பின்னரே, பழைய மென்பொருளுக்கும் புதியதற்கும் இடையிலுள்ள வேறுபாடுகளை மட்டும் வானொலி வழியே அனுப்பினர். கலத்தில் இருந்த மென்பொருள், வந்தவற்றைச் சரிபார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. அதன் பின்னர் அப்பழுது மீண்டும் தோன்றவில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, காலந் தவறாக் கணினி முறைமைகள் பற்றிய மகாநாடு ஒன்று கூடியது. விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்நிகழ்ச்சியைச் சபையோருக்கு விளக்கினார். பரிகாரத்தைக் கண்டவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் என்று கூறிய அவருக்கு, அவர்களின் பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. மூவரும் அச்சபையிலேயே அமர்ந்திருந்தனர். அவர்களை எழுந்து நிற்குமாறு தலைவர் கேட்டபோது சபை ஆரவாரம் செய்தது. ஏட்டிலே கணிதமாகக் கிடந்த ஒரு கொள்கை, கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு கலத்தின் வேலையைக் காப்பாற்றியதற்கு அது தகுந்த பாராட்டே.

இக்கொள்கை விண்வெளியோடு நின்றுவிடவில்லை. உலகெங்கும் எண்ணிறந்த கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் இயங்கும் லினக்ஸ் கருவில், பயனர் நிகழ்நிரல்களின் பூட்டுகளுக்கு முதன்மைப் பேறு 2006ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டது. அதே கருவின் உள்ளேயுள்ள பூட்டுகளிற் பெரும்பாலானவற்றையும் இவ்வகையினவாக மாற்றவல்ல காலந் தவறா அமைப்பு, நெடுங்காலம் தனியே வளர்ந்து வந்து, 2024ஆம் ஆண்டு நவெம்பரில் வெளியான 6.12ஆம் பதிப்பில் மூலக் கருவோடு சேர்ந்தது. தொழிற்சாலை இயந்திரங்களை ஆளும் கணினி ஒரு விநாடியின் சிறு கூறு தாமதித்தாலும் தீங்கு நேரலாம். அத்தகைய இடங்களில், பூட்டு எத்துணை உறுதியானது என்பதோடு, அது எத்துணைக் காலம் பிறரை மறித்து வைக்கும் என்பதும் அளந்தறியப்பட வேண்டும்.

பாத்பைண்டர் கலத்திலிருந்து இறுதித் தகவல்கள் 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதி வந்தன. 30 நாள்களுக்கென அமைக்கப்பட்ட இறங்குகலம் ஏறத்தாழ மும்மடங்கு காலம் உழைத்திருந்தது. அது 16,500க்கு மேற்பட்ட படங்களையும், அதன் சிறு ஊர்தி 550 படங்களையும், பெருந்தொகையான வளிமண்டல அளவீடுகளையும் பூமிக்கு அளித்தன. முன்னர் தடையாயிருந்த அதே கீழ்நிலைப் பணியே அவ்வளிமண்டல அளவீடுகளையும் பெற்றுத் தந்தது என்பது மறத்தற்குரியது அன்று. அப்பணி தீங்கு செய்யவில்லை. தன் சிறு வேலையை முடிப்பதற்கு ஒரு நொடிப்பொழுதையே வேண்டி நின்றது. பலர் பகிரும் பொருளின் திறப்பு எளியவர் ஒருவர் கையில் இருக்குமாயின், அவரைத் தள்ளி வைப்பதால் உயர்ந்தவரின் வேலை விரைவதில்லை. அவ்வேளைக்கு அவரை உயர்த்தி, அவர் வேலையை முடிக்க இடங்கொடுப்பதே அனைவரின் வேலையும் நிறைவேறுவதற்குரிய வழியாகும்.